மேற்கே கிளம்பிய விமானம்

கண்ணாடி டம்ளரில் பெட்ரோலைப் பிடித்துச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரை முதன்முதலில் கண்டது அப்படித்தான். விடிந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. மேய்க்கால் புறம்போக்கில் புல்லெல்லாம் ஈரமாக இருந்தது. அவருக்குப் பின்னால் மஞ்சள் வண்ணம் அடித்த சின்ன விமானம் ஒன்று, வாலைத் தரையில் ஊன்றி மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றது. குடித்துவிடுவாரோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அவர் டம்ளரை மெதுவாகச் சுழற்றினார். அடியில் உருண்ட ஒரு சொட்டை எனக்குக் காட்டி, "தண்ணி சார். பீப்பாயில எப்படியோ எறங்கியிருக்குது. ஒரு ஆளக் கொல்றதுக்கு இம்மாந்தான் வேணும்" என்றார். அதைத் தரையில் கொட்டிவிட்டு அடுத்த டம்ளர் பிடித்தார். தண்ணீர் இல்லாத பெட்ரோல் வரும்வரை அன்று நான்கு முறை பிடித்தார்.

அறுபதுகளின் கடைசி அது. பொன்னேரியை ஒட்டிய வட்டாரத்தில் நான் விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் கிராம சேவக்காக இருந்தேன். வயது இருபத்துநான்கு. அந்த ஆண்டு சொர்ணவாரிப் பருவத்து நெற்பயிரில் குருத்துப்பூச்சி விழுந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கதிர் நன்றாக வந்திருப்பதுபோல் தெரியும். கிட்டே போய் உருவினால் வெறும் வெள்ளைப் பதர் கையோடு வரும். ஆட்களை வைத்து மருந்தடித்து மாளாது என்று மேலிடத்தில் முடிவாகி, தனியார் கம்பெனி ஒன்றிடமிருந்து மருந்து தெளிக்கும் விமானத்தை வரவழைத்தார்கள். அதோடு வந்தவர்கள் இரண்டே பேர். ஓட்டுகிறவரைக் கேப்டன் என்றும், பெட்ரோல் டம்ளர்காரரை மெக்கானிக் என்றும் ஊர் முழுக்க அழைத்தது. வயல்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பது, விமானத்துக்கு வரிசை காட்ட வயல் கோடியில் கொடி பிடிக்க ஆள் நிறுத்துவது, புறம்போக்கில் நாங்கள் சமன்செய்த ஓடுபாதையில் ஆடுமாடு ஏறாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு. ஓடுபாதை கிழக்கு மேற்காக இருந்தது. கிழக்குக் கோடியில் சாலை. மேற்குக் கோடியில் ஏரிக்கரை, கரைமேல் வரிசையாகப் பனைமரங்கள்.

மெக்கானிக் வியாசர்பாடிக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வேலை முடிந்து விமானத்தின் இறக்கை நிழலில் உட்கார்ந்தால் அவருக்கு ஒரே பேச்சுதான். எங்கே எந்தக் குட்டி விமானம் விழுந்தது, ஏன் விழுந்தது. கரும்புக்கு மருந்தடிக்கப் போன இடத்தில், முதல்நாள் மாலைதான் பம்புசெட்டுக்கு இழுத்திருந்த மின்கம்பி கண்ணில் படாமல் ஒன்று சிக்கியது. வயல் முடிந்து திரும்பும்போது வேகம் குறைந்து, இறக்கை ஒருபக்கம் சரிந்து, மாடு படுப்பதுபோல் ஒன்று தரையில் படுத்துவிட்டது. உச்சிவெயிலில் தொட்டி நிறைய மருந்து ஏற்றிக்கொண்டு எழும்ப முடியாமல் ஒன்று வேலியில் போய் மோதியது. இவற்றை அவர் கதைபோலச் சொல்லமாட்டார். உடைந்ததைத் தம் கையால் பொறுக்கியவர் என்பதால், எந்த ஆணி எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பதுவரை சொல்வார். "பெரிய ப்ளேனுக்கு மேல எடம் இருக்குது சார். ஒண்ணு கெட்டா யோசிக்க நேரம் கெடைக்கும். இது பனமரத்து ஒயரத்துல பறக்கிற ஜாதி. யோசிக்கிறதுக்குள்ள தரை வந்துடும்" என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். "ஒரே தப்பால எதுவும் வுழல சார். நான் பாத்த வரைக்கும் ரெண்டு மூணு பேரு ஆளுக்குக் கொஞ்சம் தப்பு பண்ணியிருப்பான். கடசில ஒக்காந்துக்கினு இருந்தவன் தலைல அல்லாம் வந்து வுழும்."

கேப்டன் இதற்கு நேர்மாறு. பேச்சே இல்லை. பெரம்பூரில் வீடு. மனைவி, கைக்குழந்தை, ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா. வந்த முதல்நாள் பறக்கவே இல்லை. என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு வயல் வயலாக வந்து, நான் போட்ட படத்தில் விட்டுப்போன இரண்டு மின்கம்பங்களையும் ஒரு புளியமரத்தையும் பென்சிலால் குறித்தார். கோபிக்கவில்லை. "நாளைக்கு இன்னொரு தடவ பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னார். ஓடுபாதையின் கிழக்குக் கோடியில் மூங்கில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஒரு துணிப்பையைக் கட்டச் சொன்னதும் அவர்தான். இரண்டு பக்கமும் திறந்த, ஒரு வாய் பெரிதாகவும் மறுவாய் சிறிதாகவும் தைத்த ஆரஞ்சு நிறப் பை. காற்று அதில் புகுந்து எந்தப் பக்கம் தூக்குகிறதோ அதைப் பார்த்துக் காற்றுக்கு எதிராக விமானத்தைக் கிளப்ப வேண்டும்; எதிர்க்காற்றுதான் இறக்கையைச் சீக்கிரம் தூக்கும். ஊர்ப் பெண்கள் அதை ஏரோப்ளேன் பாவாடை என்றார்கள். கேப்டன் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "எங்கப்பாவுக்கு சிக்னல். எனக்கு அந்தத் துணி" என்றார்.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் காலையில் மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்கும். வெயில் ஏற ஏற அது சோர்ந்து, மதியத்துக்குப் பக்கமாகக் கொஞ்ச நேரம் இலை அசையாது. பிறகு பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடல்காற்று வரும். வந்தது தெரியாமல் வரும். வயலில் குனிந்து வேலை செய்கிறவன் முதுகு வியர்வை குளிர்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்வான். எனக்கு அது ஆறு வயதிலிருந்தே தெரியும். கேப்டன் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவார். அதனால் பறந்த நாளெல்லாம் விமானம் மேற்கு நோக்கித்தான் கிளம்பியது. பனைகளுக்கு மேலே நல்ல உயரத்தில் ஏரியைத் தாண்டிப் போகும்.

பதினோராம் நாள் பட்டணத்திலிருந்து மேலிடத்துப் பெரிய மனிதர் ஒருவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. காலை எட்டு மணிக்கு வருகை. கிழக்குக் கோடியில், சாலை ஓரமாகப் பந்தல் போட்டோம். வண்ணக் காகிதத் தோரணம், நாற்காலிகள், ஒலிபெருக்கி. விடிகாலையில் எங்கள் வேளாண் விரிவாக்க அதிகாரி, ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தோடு வந்து பார்த்தார். மூங்கில் கம்பம் பந்தலுக்கு முன்னால் நின்றது.

"இன்னாய்யா இது, மேடைக்கு எதிர்க்க ஒரு கம்பு? போட்டோ புடிச்சா அதான் தெரியும். புடுங்கிப் போடு."

"காத்து பாக்கறதுக்கு சார்" என்றேன்.

"பத்து நாளா ஓட்டறவருக்கு காத்து தெரியாதா? பெரிய மனுஷர் வந்துட்டுப் போனதும் நட்டுக்கோ."

நான் பிடுங்கினேன். பள்ளத்தைக் காலால் மூடினேன். துணிப்பையை மடித்துப் பந்தலுக்குப் பின்னால் வைத்தேன். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எட்டு மணிக்கு வரவேண்டியவர் பத்துக்கும் வரவில்லை. மருந்துத் தொட்டியை நிரப்பிவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். பதினோரு மணிவாக்கில் கேப்டன் பந்தல் பக்கம் வந்தார். கம்பம் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "துணி எங்க?" என்று என்னைக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கியது. அதிகாரியை ஒருதரம் பார்த்தார். பிறகு, "காத்து எப்படி?" என்றார். "மேக்காத்துதான் சார். காலையில மாதிரியேதான்" என்றேன். அப்போது அது உண்மை. "மாறினா எனக்கு வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன்.

கார் வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மாலைகள், கைதட்டல், உடனே விமானம் கிளம்பவேண்டும் என்ற அவசரம். சாப்பிடக்கூடப் போகாமல் வெயிலில் நின்றிருந்த கேப்டன் ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக்கைக் கூட்டத்தோடு சேர்த்துக் கயிற்றுக்குப் பின்னால் போலீஸ்காரர்கள் தள்ளியிருந்தார்கள். நான் மாலைத் தட்டோடு அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றேன். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் என் பிடரியில் சில்லென்று பட்டது. திரும்பிப் பார்த்தேன். தோரணக் காகிதங்கள் முழுக்க மேற்கே பார்த்துப் படபடத்தன. கடல்காற்று வந்துவிட்டது. விமானம் நூறு அடி தள்ளி நின்றது. நான் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இன்ஜின் ஓடுகிற விமானத்துக்குள், அதன் விசிறிக் காற்றிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு வெளிக்காற்று எப்படித் தெரியும் என்று நினைக்கவில்லை. நினைத்தேனோ என்னவோ. அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன், நின்றுவிட்டேன்.

மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது. "காத்து திரும்பிடுச்சி! நிறுத்து, நிறுத்து!" என்று கத்திக்கொண்டே கயிற்றைத் தாண்டி ஓடினார். ஒரு போலீஸ்காரர் சட்டையைப் பிடித்தார். சட்டை கிழிந்தது, அவர் ஓடினார். அதற்குள் விமானம் நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்து தள்ளுகிற காற்று, நிறைந்த தொட்டி, உச்சிவெயில். வழக்கமாக வால் தூக்குகிற இடத்தில் வால் தூக்கவில்லை. வழக்கமாகச் சக்கரம் எழும்புகிற இடத்தில் எழும்பவில்லை. பாதையின் முக்கால்வாசியில், வயிற்றுக்கடியிலிருந்து பால் கொட்டுவதுபோல் மருந்து வெள்ளையாகக் கொட்டியது. பாரத்தைக் குறைக்கக் கேப்டன் தொட்டியைத் திறந்துவிட்டிருக்கிறார். பந்தலில் இருந்தவர்கள் அதுதான் செயல்முறை விளக்கம் என்று கைதட்டினார்கள். விமானம் எழும்பியது. பனைகளில் இரண்டுக்கு நடுவே போகப் பார்த்தது. இடது இறக்கை ஒரு மரத்தில் பட்டது. அடுத்த கணம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சத்தம் மட்டும் வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் முழங்கால் அளவு சேற்றில் நின்று, பெல்ட்டை அறுத்துக் கேப்டனை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். மருந்து நாற்றத்தில் கண் எரிந்தது. கரையில் கிடத்தினோம். உயிர் இல்லை. அவர் கையுறையை மெக்கானிக் ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே அதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். கம்பத்தை நட்டு, பையைக் கட்டிவிடச் சொன்னார். "விசாரணைன்னு வருவாங்க. கம்பம் இருந்துதுன்னு நானும் சொல்லப்போறேன், கர்ணமும் சொல்லப்போறாரு. உனக்கு இன்னும் வேலை பர்மனென்ட் ஆகல. யோசிச்சிக்கோ." நான் யோசிக்கவில்லை. மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் நட்டேன்.

விசாரணைக்கு வந்தவர் வடக்கத்திக்காரர். மரியாதையான மனிதர். கம்பத்தின் அடியில் குனிந்து மண்ணைக் கிளறி, "இது புதிதாகத் தெரிகிறதே" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். காற்றில் ஆடித் தளர்ந்ததால் மறுபடி கெட்டித்தோம் என்றேன். பயணியர் விடுதியில் ஒவ்வொருவராக வாக்குமூலம் வாங்கினார்கள். மெக்கானிக் கம்பம் இல்லை என்றார். மற்ற மூன்று பேரும் இருந்தது என்றோம். வெளியே வந்தபோது மெக்கானிக் வராந்தாவில் நின்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பையை எந்தப் பக்கமா கட்டின சார்? வாய் சின்னதா இருக்கிற பக்கம் காத்துக்கு வச்சிக் கட்டியிருக்க. தலகீழா இருக்குது. அதக்கூட அவுங்க பாக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். சில மாதங்களில் முடிவு வந்தது. காற்றின் திசையைக் கவனிக்காமல் கிளம்பியது விமானியின் தவறு. மெக்கானிக் பொய் சொன்னதாகக் கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. எனக்கு வேலை நிரந்தரமானது.

இன்றைக்கும் எங்காவது சின்ன விமானம் விழுந்த செய்தி பேப்பரில் வந்தால் கடைசி வரிவரை படிக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒரே வாக்கியத்தில் இருக்கும். விமானியின் தவறு, கம்பியில் மோதியது, இன்ஜின் நின்றது. அந்த வாக்கியத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் ஐந்து நிமிடத்தில் செய்த வேலை ஒன்று இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். அது எழுதப்படுவதில்லை. எழுதவேண்டிய ஆள் வாயைத் திறந்திருக்கமாட்டான்.

ஏழு வருடம் கழித்து, எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் மெக்கானிக்கை மறுபடி பார்த்தேன். அங்கே புதிதாக வந்திருந்த தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். தலை நரைத்திருந்தது. நான் நழுவப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

"இன்னா சார், கண்டுக்காம போற? டீ சாப்டு."

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஊர் நிலவரம் பேசினார். பிறகு சொன்னார்: "எனக்கு வேல போனது கூட பேஜாரு இல்ல சார். எங்க போனாலும் ஸ்பேனர் புடிச்சி பொழச்சிக்குவேன். கேப்டன் ஊட்டுக்கு வருஷத்துக்கு ஒருக்கா போறேன். அவுங்க நைனா ரயில் ஓட்டுனவரு. சர்வீஸ் முழுக்க ஒரு சிக்னல் தாண்டினது கெடையாது. அவரு புள்ளைய மன்னிக்கவே இல்ல. சிக்னல் பாக்காத டிரைவரு எனக்குப் புள்ள இல்லன்னு போட்டோவக் கழட்டி வச்சிட்டாரு. நான் சொன்னா நம்பல. அவரு தப்புதான்னு கவருமென்டே எழுதிக் குடுத்துருக்குதே."

"நான் இப்ப இன்னா பண்ணணும், அண்ணா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நாயித்துக்கெழம எங்கூட பெரம்பூர் வா. அவ்ளோதான்."

போனேன். போகாமல் இருக்க இரண்டு காரணம் தயார்செய்து வைத்திருந்தும் போனேன். ரயில்வே ஆட்கள் நெருக்கமாகக் குடியிருந்த தெருவில் ஓட்டுவீடு. கேப்டனின் மனைவி கதவைத் திறந்தார். மெக்கானிக் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். என்னை உட்காரச் சொல்லவில்லை. கூடத்தில் நாற்காலியில் பெரியவர், கேப்டனின் அப்பா, உட்கார்ந்திருந்தார். நீலக் கட்டம் போட்ட லுங்கி, சவரம் செய்த முகம், நிமிர்ந்த முதுகு.

நான் மெல்லத் தொடங்கினேன். "அன்னைக்கு அந்தக் கம்பத்த..."

"சத்தமா சொல்லுங்க" என்றார் அந்தப் பெண். "மாமாவுக்குக் காது கேக்காது. இன்ஜின் சத்தத்துல போயிடுச்சி."

குரலை உயர்த்தினேன். பெரியவர் கையைக் காதருகே குவித்து, "இன்னா?" என்றார். இன்னும் உயர்த்தினேன். ஏழு வருடம் யாரிடமும் முணுமுணுக்காத ஒன்றை அன்று நான் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. "கம்பத்தப் புடுங்கினது நான்தான்! அன்னைக்கு கம்பம் இல்ல! சாயங்காலம் நட்டதும் நான்தான்! பொய் சொன்னேன்!" பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது. வாசலில் யாரோ வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பெரியவருக்கு விளங்கியது. ஆனால் அவர் முகம் இளகவில்லை. மெக்கானிக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி, சிக்னல் இல்ல. சிக்னல் இல்லன்னா வண்டிய நிறுத்தி எறங்கிக் கேக்கணும். அதான் ரூல். அவன் கேக்கல இல்ல?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. கேப்டன் என்னிடம் கேட்டதை நான் மெக்கானிக்கிடம்கூடச் சொன்னதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டாரு!" என்றேன்.

"இன்னா?"

"கேட்டாரு! எங்கிட்ட வந்து கேட்டாரு! மேக்காத்துன்னு சொன்னேன்! மாறினா வந்து சொல்லுன்னாரு! மாறிச்சி! எனக்குத் தெரிஞ்சுது! நான் போய் சொல்லல!"

பெரியவர் காதிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில், "கேட்டிருக்காம்மா. எறங்கிப் போய் கேட்டிருக்கான். நான் ஏழு வருஷமா அவனத் திட்டிக்கினு இருந்தேன்" என்றார். அந்தப் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நாங்களாக வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டோம்.

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன்வரை மெக்கானிக் எனக்கு முன்னால் நடந்தார். வண்டி வருவதற்குச் சற்று முன்னால் கேட்டார்: "உங்கிட்ட கேட்டாருன்றத அன்னைக்கே எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல சார்? அவரு ஏன் பாக்காமப் போனாருன்னு நானும்தானே ஏழு வருஷமா கேட்டுக்கினு இருந்தேன்."

வண்டி வந்தது. இருவரும் போகவேண்டியது ஒரே பாதைதான், எனக்குப் பொன்னேரி, அவருக்குக் கும்மிடிப்பூண்டி. நான் ஏறிய பெட்டியில் அவர் ஏறவில்லை. பொன்னேரியில் இறங்கி, வண்டி நகரும்வரை நடைமேடையில் நின்றேன். நாலாவது பெட்டியில் சன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.